பியூஸைப் பிடுங்கலாமா?

திருவான்மியூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மொத்தம் நாலு பக்கம். முதல் மூன்று பக்கமும் நம் தொடர்கதையின் நாயகி இன்னும் எத்தனை வாரம்தான் அழப் போகிறாள் என்ற கேள்வி. அதைக் கதாசிரியரின் மேஜையில் சேர்த்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாலாவது பக்கம்தான் என் பங்குக்கு வந்தது.

சகோதரியின் கணவருக்கு ஓர் அண்ணா. அமெரிக்காவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வரும்போது மேஜை, நாற்காலி, பாத்திரம் எல்லாவற்றையும் அங்கேயே விற்றுவிட்டு, ஒரு ஜோடி ஸ்பீக்கரை மட்டும் மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் கொண்டு வந்தாராம். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். ஸ்பீக்கர்கள் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி ஆனதும் தம்பி அவற்றின் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீணை கேட்பார். "அண்ணாவோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் குறுக்கே போக மாட்டேன்" என்று எழுதுகிறார் சகோதரி.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இப்போது ஒரு நண்பர் வந்து நுழைந்திருக்கிறார். சங்கீதம் கேட்டார், காப்பி சாப்பிட்டார், பிறகு ஸ்பீக்கரின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடிக் குழாய். "இதுதான் ஐயா கோளாறு! இவ்வளவு உயர்ந்த ஸ்பீக்கருக்குள் போகும் சங்கீதமெல்லாம் இந்தத் தலைமுடிக் கம்பி வழியாக நுழைய வேண்டியிருக்கிறது. இந்த பியூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு செப்புத் துண்டைச் சொருகிப் பாருங்கள். திரையை விலக்கினாற்போல் இருக்கும்!" என்றாராம். கணவருக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. சகோதரிக்கும் இல்லை. காரணம்தான் வேறு. "வேண்டாமே என்றேன். உனக்கு என்ன தெரியும் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தடுப்பது அசட்டுத்தனமா?" என்று கேட்கிறார்.

அசட்டுத்தனம் இல்லை, அம்மணி. ஆனால் அந்த நண்பரும் அசடு இல்லை. அதனால்தான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

இப்படிப்பட்ட ஸ்பீக்கர் எங்கள் வீட்டில் இல்லையே என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். டி.வி.யோ, ரேடியோவோ, பேரன் வாங்கிவந்த பாட்டுப் பெட்டியோ இல்லாத வீடு ஏது? பியூஸ் என்ற காவல்காரனோடு எல்லாருக்கும் ஏதோ ஒரு பந்தம் உண்டு.

கடிதத்தில் ஸ்பீக்கரின் அடையாளம் எழுதியிருந்தார்: பெட்டி கிடையாது, ஆளுயரத்துக்கு ஒரு தட்டி மாதிரி நிற்கிறது, மேலே துணி போர்த்தியிருக்கிறது, முதலில் பார்த்தவர்கள் எல்லாரும் மறைப்புத் திரை என்றே நினைக்கிறார்கள். உடனே புரிந்துவிட்டது. அது மேக்னபிளேனர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒயிட் பேர் லேக் என்று ஓர் ஊர். வெள்ளைக் கரடி ஏரி என்று அர்த்தம். 3எம் கம்பெனியில் என்ஜினீயராக இருந்த ஜிம் வைனி என்பவர் 1969-ல் மேக்னபான் என்ற கம்பெனியை ஆரம்பித்து இந்த ஸ்பீக்கரைச் செய்தார்.

மற்ற ஸ்பீக்கர்களில் காகிதக் கூம்பு ஒன்று இருக்கும். அதன் அடியில் கம்பிச் சுருள், காந்தம். இதில் கூம்பே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன் மேல் நெடுக்காகக் கம்பி ஒட்டியிருக்கிறார்கள். எதிரே வரிசையாகக் காந்தங்கள். கம்பியில் மின்சாரம் ஓடினால் தாள் முழுவதும் அதிர்ந்து பாடுகிறது. விலை உயர்ந்த மாடல்களில் உச்ச ஸ்தாயிக்கென்று தனியாக ஒரு நாடா உண்டு. நாலரை, ஐந்து அடி நீளம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியம். வாயால் ஊதினால் நலுங்கிவிடும். தம்புராவின் ரீங்காரமும், வீணையில் மீட்டு விழும்போது கேட்கிற அந்த நுண்ணிய 'சுருக்'கும் இந்த நாடாவிலிருந்துதான் வருகின்றன. பின்னால் இருக்கும் கண்ணாடிக் குழாய் இப்படிப்பட்ட மெல்லிய கம்பிக்கும் நாடாவுக்கும்தான் காவல். எந்த பியூஸ் எந்தப் பகுதியைக் காக்கிறது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும்.

பியூஸின் தர்மம் ரொம்ப எளிது. உள்ளே ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது சூடாகி உருகி அறுந்துவிடும். தான் செத்து வீட்டுக்காரனைக் காப்பாற்றும். புதிது வாங்கப் பத்து இருபது ரூபாய். அறுந்துபோன நாடாவுக்குப் பதில் வேண்டுமென்றால் வெள்ளைக் கரடி ஏரிக்கு எழுத வேண்டும்.

இனி நண்பரின் கட்சி. அதைத் தள்ளிவிடாமல் கேட்போம். பியூஸ் கம்பிக்கு ஒரு தடை உண்டு, உண்மை. சூடேறினால் அந்தத் தடை கொஞ்சம் கூடும், அதுவும் உண்மை. சங்கீதம் பலமாக வரும்போது தடையும் கூடுகிறது. ஆகவே பலமான இடத்தில் ஒரு துளி அமுங்கிப் போகிறது. விஞ்ஞானப்படி இதில் தப்பு சொல்ல முடியாது. கேள்வியெல்லாம், எவ்வளவு என்பதுதான்.

அந்த ஸ்பீக்கரின் தடை சுமார் 4 ஓம். சில ஆம்பியர் தாங்கும் சின்ன பியூஸின் தடை ஓர் ஓமில் நூற்றில் சில பங்குதான். தாராளமாக 0.05 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுக்கு ஒன்று. எண்பது டம்ளர் பாலில் ஒரு டம்ளர் தண்ணீர். நம் பால்காரர் அவ்வளவு யோக்கியமாக இருந்தால் கோயில் கட்டிக் கும்பிடலாம்! ஒலி அளவில் இது டெசிபல் கணக்கில் பத்தில் ஒரு பங்கு வரும். சத்தம் கூடியதா குறைந்ததா என்று மனிதக் காதுக்குத் தட்டுப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் வேண்டும் என்பார்கள். பழகிய காது உற்றுக் கேட்டால் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தையும் பிடிக்கும். ஆனால் பத்தில் ஒன்று என்பது காதை ரொம்பவும் வருத்துகிற கணக்கு.

சூடேறித் தடை மாறுகிறதே, அது? கம்பி சூடாகி ஆறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வினாடிக்கு 20, 30 தடவை அதிரும் ஆழ்ந்த அடிச் சத்தத்தில் ஒவ்வோர் அதிர்வுக்கும் கம்பி கொஞ்சம் சூடாகி, கொஞ்சம் ஆறும்; அதில் ஓர் இம்மியளவு கலப்படம் ஸ்வரத்தில் சேரலாம். அளந்து பார்க்கக்கூடிய சங்கதிதான். உச்ச ஸ்தாயியோ வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அதிர்கிறது. அந்த வேகத்துக்குக் கம்பியால் சூடாகி ஆறிக் கூடவே ஓட முடியாது. ஆக, வேடிக்கை என்னவென்றால், நாடாவைக் காக்கிற பியூஸின் மேல் இந்தக் குற்றச்சாட்டு மிகவும் பலவீனமாகத்தான் ஒட்டுகிறது.

"அப்படியானால் பியூஸை எடுத்த வீட்டிலெல்லாம் சங்கீதம் தெளிந்துவிட்டது என்கிறார்களே, எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இரண்டு. ஒன்று மனசு. புதுப் புடவை கட்டிக்கொண்ட அன்று கண்ணாடியில் முகமே மாறித் தெரிகிறதல்லவா? அதுபோல. மற்றொன்று, நிஜமான காரணம். பியூஸை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும் உலோகக் கவ்விகள் வருஷக்கணக்கில் களிம்பேறிப் போயிருக்கும். திருவான்மியூரில் கேட்க வேண்டுமா? கடல் காற்று. வாசல் கிராதியைத் தின்கிற உப்பு ஸ்பீக்கரை மட்டும் விட்டுவிடுமா? கவ்வி தளர்ந்து களிம்பும் ஏறிவிட்டால், அந்த இடத்தில் வரும் தடை பியூஸ் கம்பியின் தடையைவிட எத்தனையோ மடங்கு இருக்கலாம். செப்புத் துண்டைச் சொருகுகிறவர் முதலில் கவ்வியைச் சுரண்டித் துடைக்கிறார், அழுத்தியும் விடுகிறார். திரை விலகியது அதனால். புகழ் செப்புத் துண்டுக்கு!

ஆகவே முதல் வேலை துடைப்பது. ஆம்ப்ளிபயரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு, பியூஸைக் கழற்றி, அதன் உலோகத் தொப்பிகளையும் கவ்விகளையும் எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். அதே எண்ணுள்ள புது பியூஸ் ஒன்று போட்டாலும் நல்லது. பாதி வீட்டில் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால்? அப்போது எடை போட வேண்டியது மறு தட்டை. காவல் இல்லாமல் என்ன ஆகும்?

சூடு என்பது மின்சாரத்தோடு வர்க்கக் கணக்கில் ஏறுவது. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. வால்யூம் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினால் என்ன என்று தோன்றும் இடத்தில்தான் இந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. பெரிய ஆம்ப்ளிபயர்தான் ஸ்பீக்கரைச் சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன ஆம்ப்ளிபயரை மூச்சுத் திணறத் திணற ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து. சக்திக்கு மேல் கேட்டால் அது அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கிவிடும். வெட்டுப்பட்ட அலையில் உச்ச ஸ்தாயிச் சத்தம் அநியாயமாகப் பெருகும். அடி விழுவது அந்த மெல்லிய பகுதிக்கு.

இன்னொன்று: ஆம்ப்ளிபயரே உள்ளுக்குள் பழுதாவது. டிரான்சிஸ்டர் ஒன்று உடைந்தால் 50 வோல்ட் நேர் மின்சாரம் அப்படியே ஸ்பீக்கர் கம்பிக்கு வந்து சேரக்கூடும். 4 ஓம் தடையில் அது 12½ ஆம்பியர்; 600 வாட்டுக்கு மேல் சூடு. உங்கள் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்கு மேல், பிளாஸ்டிக் தாள் மேல் ஒட்டிய கம்பியில்! நல்ல ஆம்ப்ளிபயர்களில் இதைத் தடுக்க உள்ளேயே ஓர் ஏற்பாடு வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் கிடையாது.

ஆனால் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இவ்வளவு பெரிய விபத்தே இல்லை. ஆம்ப்ளிபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது பின்னால் இருக்கும் ஒயரைப் பிடுங்குவார்கள். அல்லது பெருக்குகிற துடைப்பம் பட்டு அது பாதி கழன்றுகொள்ளும். 'பொர்ர்...' என்று வீடே அதிர ஓர் உறுமல். கேட்டிருப்பீர்கள். அல்லது லீவுக்கு வந்த பேரன் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, சத்தம் வரவில்லையே என்று அப்புறம் பாட்டைப் போடுவான். அல்லது கரண்ட் போய்த் திரும்ப வரும்போது ஒரு 'டப்'. சகோதரியின் கணவர் வீணை கேட்கிற ஒரு மணி நேரத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு பயமும் இல்லை. மற்ற நேரம் அது இருப்பது ஒரு குடும்பத்தில். நண்பர் தன்னந்தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு கேட்கிறவராக இருக்கலாம்.

இந்தத் துறையில் பெரியவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்தாலும் சுவாரஸ்யமாக இருக்கிறது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பவரின் குவாட் கம்பெனி 1957-ல் ஒரு மின்நிலை ஸ்பீக்கரை வெளியிட்டது. அதிசயமான நாதம் என்று இன்றைக்கும் ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். குவாட்டின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிபயரோடு அது சௌக்கியமாக வாழ்ந்தது. பிற்பாடு பலசாலியான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் வந்தன. மாட்டினார்கள், உள்ளே பொறி பறந்து தகடுகள் பழுதாயின. 1981-ல் அடுத்த மாடல் வந்தபோது, உள்ளே பொறி கிளம்பினால் மோப்பம் பிடித்து உடனே அடக்குகிற ஒரு காவல் சர்க்யூட்டையே சேர்த்து அனுப்பினார்கள். காதுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த கம்பெனி, காவலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

பியூஸ் போட்டால் போதும், கவலையே இல்லை என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 ஆம்பியர் என்று எழுதிய பியூஸ் நாலைத் தாண்டிய மறுகணம் அறுந்துவிடாது. இரண்டு மடங்கு போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். சில சமயம் நாடா முந்திக்கொள்வதும் உண்டு. தூங்கி விழுகிற கூர்க்காதான். அதற்காகக் கூர்க்காவை அனுப்பிவிட்டு வாசற்கதவையும் திறந்து வைக்கிறோமா?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. வெளிநாட்டில் சங்கீத ரசிகர்களுக்கென்றே விசேஷ பியூஸ்கள் விற்கிறார்கள். ஒன்று நூற்றுக்கணக்கான டாலர். மேலே அம்புக்குறி போட்டிருப்பதும் உண்டு. அந்தத் திசையில்தான் பொருத்த வேண்டுமாம். சங்கீதமாக ஓடும் மின்சாரம் வினாடிக்கு நூறு, ஆயிரம் தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. அதற்கு எந்த அம்புக்குறியை எப்படிப் படிக்கத் தெரியும்? கணவர் அந்தப் பக்கம் திரும்பினால் உடனே ஒரு தந்தி கொடுங்கள் என்று எழுதியிருப்பேன். தந்தி ஆபீஸைத்தான் 2013-ல் மூடிவிட்டார்களே.

நிற்க. துடைத்தும் ஆயிற்று, புது பியூஸும் போட்டாயிற்று, இன்னும் கணவருக்கு ஆசை அடங்கவில்லை என்றால் தகராறு செய்யாதீர்கள். பரீட்சை வையுங்கள்.

பரீட்சை அதிகாரி நீங்கள்தான். கணவர் ஸ்பீக்கருக்கு எதிரே, கண்ணைக் கட்டிக்கொண்டு. நண்பர் பக்கத்து அறையில்; இல்லாவிட்டால் தொண்டையைக் கனைத்துக் காட்டிக் கொடுத்துவிடுவார். குமிழைத் தாழ்ந்த அளவில் வைத்து, பரீட்சை முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிபயரை அணையுங்கள். ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் பியூஸ், பூ விழுந்தால் செப்புத் துண்டு. முன்பு இருந்ததே மறுபடி வந்தாலும் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்கும்படி செய்ய வேண்டும். பிறகு ஆம்ப்ளிபயரைப் போட்டு, அதே வீணையில் அதே ஒரு நிமிஷம். எது என்று அவர் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று சொல்லாமல் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பத்துத் தடவை.

ஐந்து, ஆறு சரியானால் அது காசு சுண்டியதற்குச் சமானம். பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் சரியாவது நூற்றுக்கு ஐந்தாறு சமயம்தான். ஆகவே எட்டு வாங்கினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒன்பது, பத்து என்றால் அவர் காதுக்கு நான் கை கூப்புகிறேன்.

அப்போதுகூட என் அபிப்பிராயம்: பியூஸ் இருக்கட்டும். கேட்பதற்குத் தனி அறை, உள்ளேயே நல்ல காவல் உள்ள ஆம்ப்ளிபயர், வேறு யாரும் தொடாத குமிழ் - மூன்றும் இருந்தால் அவர் சௌகரியப்படி செய்துகொள்ளட்டும். நஷ்டம் வந்தால் அது அறிந்து செய்த நஷ்டம். உங்கள் வீட்டில் ஒரே கூடம். அதில்தான் டி.வி., அதில்தான் பேரன், அதில்தான் துடைப்பம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எந்தப் பரீட்சையும் வேண்டாம், வெறும் உத்தரவுதான். மேலே சொன்னதெல்லாம் ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் பியூஸைப் பற்றி. ஆம்ப்ளிபயருக்கும் ஒரு பியூஸ் உண்டு. வீட்டு மின்சாரம், 230 வோல்ட், அதன் வழியாக உள்ளே போகிறது. அதை எடுத்துவிட்டுச் செப்புத் துண்டு வைப்பதும், பெரிய எண் பியூஸ் போடுவதும், அவசரத்துக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகுவதும் கூடவே கூடாது. அங்கே எரிவது நாடாவோடு நிற்காது. வீட்டு மெயின் பலகையும் அப்படியே. பழைய பியூஸ் கட்டையில் மூன்று இழைத் தடிக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இனிமேல் போகவே போகாது" என்று பெருமையோடு கையைத் தட்டிக்கொள்ளும் மனிதர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தானாக விழும் ஸ்விட்ச் வந்த வீடுகளிலும், அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எண்ணை மாட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் விழுகிறது என்று பார்க்க ஆள் கூப்பிடுங்கள். ஒரு பியூஸைப் பிடுங்கிப் பழகிய கை அடுத்ததைத் தேடும் என்பதுதான், உண்மையைச் சொன்னால், நண்பரின் யோசனையில் எனக்குப் பிடிக்காத அம்சம்.

"உனக்கு என்ன தெரியும்" என்று சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குப் பிறகு, ஸ்பீக்கரின் தடை எத்தனை ஓம், பியூஸின் தடை எத்தனை ஓம் என்று இரண்டு பேரையும் சாதாரணமாகக் கேளுங்கள். நான் எழுதிக் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம்.

பின்னால் இருக்கும் பியூஸின் உலோகத் தொப்பியில் எண் பொறித்திருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் அரை டஜன் வாங்கி ஒரு பழைய குங்குமச் சிமிழில் போட்டு ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே வைத்துவிடுங்கள். அவசரத்தில் கையில் அகப்படாமல் போவதால்தான் பாதிப் பேர் செப்புத் துண்டைத் தேடுகிறார்கள்.

பரீட்சை நடந்தால், பத்துக்கு எத்தனை என்று ஒரு கார்டு போடுங்கள்.